பள்ளத்து நிலமும் நம் மக்களும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)

    

ஒரு கல்விச் சங்கத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஏரியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். விழாக் குழுவினர் ‘நகர விரிவும் சுற்றுச்சூழலும்’ என்னும் இத்தலைப்பைக் கொடுத்தபோது நமக்கே சிறிது தயக்கம் இருந்தது. சுற்றுச்சூழல் என்பது வசதி படைத்தோர் ஓய்வு நேரத்தில் கவலைப்படுகின்ற செய்தி என்று நாம் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்த எண்ணத்தைப் போக்கிவிட்டது. ஆதலின் சொல்ல வேண்டியதைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் இந்தக் கட்டடத்தின் கதையிலிருந்து தொடங்குகிறோம். மூத்த உறுப்பினர்களுக்குத் தெரிந்த கதைதான், இளைஞர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். சங்கம் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், இரவுப் பள்ளிக்கென ஒரு மனை வாங்குவதற்கு நாம் அலைந்தோம். தரகர் ஒருவர் பெருஞ்சாலையை ஒட்டினாற்போல் ஒரு மனைப்பிரிவைக் காட்டினார். புதிதாகச் சவுடு அடித்துச் சமன் செய்திருந்தார்கள். கல் நட்டு, வண்ணக் கொடியும் கட்டியிருந்தார்கள். விலையோ நம் கைக்கு எட்டும் விலை. நிர்வாகக் குழுவில் அனைவருக்கும் பிடித்துப் போயிற்று. முன்பணமும் கொடுத்தாயிற்று.

அப்பொழுது நம் காலனியில் ஒரு பெரியவர் இருந்தார். பெரிய ஏரியின் மதகைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டி வேலையைப் பரம்பரையாகச் செய்து வந்த குடும்பத்தவர். எழுத்து அறியாதவர். மனையைப் பார்க்க வாருங்கள் என்று மரியாதைக்காகத்தான் அவரை அழைத்துச் சென்றோம். அவர் நான்கு மூலையையும் நடந்து பார்த்தார். பங்குனி வெயிலிலும் ஒரு மூலையில் கோரை பசுமையாக நின்றிருந்ததைக் காட்டினார். “இது கலங்கல் தண்ணி போற வழி தம்பி. நீங்க மண்ணைக் கொட்டிட்டா தண்ணி வழியை மறந்துடுமா?” என்று கேட்டார். நம்மில் சிலர் சிரித்தோம் என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் பொருளாளர் மட்டும் மனம் கேளாமல் கிராம நிர்வாக அலுவலகம் சென்று ‘அ’ பதிவேட்டைப் பார்த்துவந்தார். மனைப்பிரிவின் ஒரு பகுதி ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்றிருந்தது. மனையைக் கைவிட்டோம். முன்பணம் பத்தாயிரம் ரூபாய் இன்றுவரை திரும்பி வரவில்லை. கணக்குப் புத்தகத்தில் அது ‘வரவேண்டியது’ என்றே இருக்கிறது.

பின்னர் எவரும் விரும்பாத, சுடுகாட்டுப் பாதையை அடுத்த இந்த மேட்டு மனையை வாங்கினோம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில், இக்கட்டடத்தின் முதற் படியைக்கூடத் தண்ணீர் தொடவில்லை. இரண்டு வகுப்பறைகளில் மூன்று இரவுகள் நம் மக்கள் குழந்தைகளுடன் நெருக்கியடித்துத் தங்கினார்கள். தரகர் காட்டிய அந்த மனைப்பிரிவில் இடுப்பளவுத் தண்ணீர் நான்கு நாள் நின்றது. இதனை நம் அறிவுடைமைக்குச் சான்றாகச் சொல்லவில்லை. அந்த மனைகளையும் யாரோ வாங்கித்தானே குடியிருந்தார்கள்? வாங்கியோருள் பதினொரு குடும்பங்கள் நம்மவர்களே. நகையை அடகு வைத்தும், சீட்டு எடுத்தும், ஓய்வூதியப் பணத்தைக் கொட்டியும் வாங்கியவர்கள். நாம் தப்பியபோது அவர்களுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்ற உறுத்தல் நமக்கு இன்னும் இருக்கிறது.

நிற்க. பள்ளத்து நிலத்திற்கும் நமக்கும் உள்ள தொடர்பு நேற்று வந்ததன்று. செங்கற்பட்டு மாவட்டத்துப் பழைய கிராமங்களைச் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஊர் மேட்டில் இருக்கும், சேரி வயலுக்கு அப்பால் இருக்கும். எல்லா ஊரிலும் அப்படியே என்று சொல்லமாட்டோம். ஆனால் பல ஊர்களில் ஏரியின் மிகைநீர் ஓடும் பக்கமே நமக்கு விடப்பட்ட பக்கம். 1891ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் என்பவர் நம் மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாத மக்கள் என்பதனை அவர் எடுத்துரைத்தார். அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையின் வழியே வழங்கப்பட்டவைதாம் பஞ்சமி நிலங்கள். மாநிலம் முழுவதும் 12 இலட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை ஏட்டில் இருந்தது; நிலம் கை மாறிப் போயிற்று. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் துறந்தனர். நகரம் தெற்கு நோக்கி நீளத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மானாவாரி நிலமாகக் கிடந்தவரை எவரும் ஏறிட்டும் பாராத பூமி, சாலை வந்தவுடன் ஏக்கர் கணக்கை விட்டுச் சதுர அடிக் கணக்கிற்கு வந்துவிடுகிறது.

அந்த நீட்சி எவ்வளவு என்பதற்கு இரண்டு கணக்குகள் போதும். 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக உயர்ந்தது. பெருநகரப் பகுதி என்று திட்டமிடுவதற்காக வகுத்த எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022இல் அதனை 5,904 ஆக விரித்து அரசாணை வந்தது. எல்லைக்கோட்டைத் தாளில் இழுப்பதால் ஏரி எதுவும் தூர்ந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் கோடு விழுந்த அன்றே விலை ஏறுகிறது. விலை ஏறினால் கல் நடப்படுகிறது.

நம் பகுதியின் நீர் எவ்வாறு ஓடுகிறது என்பதனை இளைஞர்கள் அறிந்து கொள்ள வேண்டும். தென்சென்னையின் புறத்தே தாம்பரம் முதல் கிழக்கே உள்ள ஏரிகள் தனித்தனியானவை அல்ல. ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே மிகைநீர் அடுத்த ஏரிக்கு இறங்கும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. இப்படிப் பல ஏரிகளின் நீர் கடைசியாகச் சென்று தங்கும் பெரும் பள்ளமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். நம் முன்னோர் அதனைக் கழுவெளி என்றார்கள். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். சரிவு மிகக் குறைவு. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் நீர் போகாமல் தயங்கி நிற்கும். தயங்கி நிற்பதற்கென்றே இயற்கை அங்கே அகன்ற இடம் வைத்திருந்தது.

அறுபது ஆண்டுகளுக்கு முன் ஐயாயிரம் ஹெக்டேருக்குமேல் பரந்திருந்த அச்சதுப்பில் இன்று சிறு பகுதியே மிஞ்சியுள்ளது. வருவாய்க் கணக்கில் அது நெடுங்காலம் பயனற்ற தரிசாக எண்ணப்பட்டதே முதற்கேடு. பயனற்றது என்றதால் பெருங்குடியில் நகரத்துக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். சாலை போட்டார்கள், அலுவலகங்களும் அடுக்கு மாளிகைகளும் எழுந்தன. 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதே 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. சிறப்பும் புகையும் ஒரே ஆண்டில் வந்தன.

குப்பையையும் மிகைநீரையும் அனுப்பிய அதே திசையில் நகரம் மூன்றாவதாக ஒன்றையும் அனுப்பியது. அது மக்கள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் குடிசையிட்டு வாழ்ந்தோரையும் கடலோரத்து மக்களையும் 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்கும், ஆழிப்பேரலைக்குப்பின் செம்மஞ்சேரிக்கும், அதன்பின் பெரும்பாக்கத்திற்கும் கொண்டு சென்றார்கள். கண்ணகி நகரில் மட்டும் பதினையாயிரத்திற்கு மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் அதனினும் மிகுதி. அங்கே குடியேற்றப்பட்டோரில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் வீடிழந்தவர்களை, வெள்ள அபாயத்திலிருந்து காப்பதாகச் சொல்லிப் பெரும்பாக்கத்திற்கு அனுப்பினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது அப்பெரும்பாக்கத்துத் தெருக்களிலும் தண்ணீர் நின்றது. 1927இல் மகாத் குளத்து நீரைத் தொடும் உரிமைக்காக டாக்டர் அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. அன்று நம்மை நீரிடம் போகவிடாமல் தடுத்தார்கள். இன்று நீர் போகும் இடத்திற்கு நம்மை அனுப்பி வைக்கிறார்கள்.

இனி மழைக்கு வருவோம். கணக்குப் பயிலும் மாணவர்கள் இதனைக் குறித்துக் கொள்ளலாம். 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. சென்னையில் ஓராண்டில் பெய்வது சராசரியாக 140 செ.மீ. ஆக, ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கிற்குமேல் ஒரே நாளில் கொட்டியது. 49 செ.மீ. மழை ஓர் ஏக்கர் நிலத்தில் விழுந்தால் ஏறத்தாழ இருபது இலட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் நூற்று அறுபத்தைந்து லாரி. இது ஒரே ஓர் ஏக்கருக்கு! ஒரு மீட்டர் ஆழம் நீர் நின்ற பள்ளத்தை ஓர் ஏக்கர் அளவுக்கு மண் கொட்டி மேடாக்கினால், அங்கு நின்றிருக்க வேண்டிய நாற்பது இலட்சம் லிட்டர் அடுத்தவன் வீட்டுக்குப் போகும். மேடாக்கியவன் நனைவதில்லை. அவனை அடுத்து, மண் கொட்டக் காசில்லாதவன் நனைகிறான். நம் காலனியின் தெரு இப்பொழுது புதிய சாலையைவிட இரண்டடி தாழ்ந்து கிடப்பதன் காரணம் நம் தெரு இறங்கியதன்று; சுற்றிலும் உள்ளவை ஏறின.

பூமி வெப்பமடைவதால் இது மேலும் கடுமையாகும். காற்று ஒரு செல்சியஸ் பாகை சூடேறினால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். தாங்கியதைச் சில மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. கடல் மட்டமும் ஏறுகிறது. ஒக்கியம் மடுவில் நீர் தயங்கி நிற்கும் நேரம் இனிக் கூடுமேயன்றிக் குறையாது. மழையில்லாக் காலத்திலோ வயலும் குட்டையும் இருந்த இடத்தில் சிமெண்டும் தாரும் பரவியிருப்பதால், பகலில் உண்ட வெயிலை அவை இரவில் உமிழ்கின்றன. தகரக் கூரையின்கீழ்ப் படுத்து எழுந்து மறுநாள் கட்டட வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

வெள்ளம் வடிந்த நான்காம் ஆண்டே, 2019இல், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. அக்கோடையில் நகர்ப்புறத்துக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து இரவும் பகலும் லாரிகள் நீர் ஏற்றின. அவ்வயல்களில் நடவு நட்டுப் பிழைத்த பெண்கள் அந்த ஆண்டு என்ன செய்தார்கள் என்பது எந்தச் செய்தித்தாளிலும் வந்ததாக நமக்கு நினைவில்லை.

சங்கத்தின் வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று இன்னும் எவரேனும் கேட்பாராயின், 2015 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் இந்த வராந்தாவில் நடந்ததைச் சொல்வோம். ஒரு மாணவி தன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தாள். மை கரைந்து தாள் நீலமாகியிருந்தது. சாதிச் சான்றிதழ் கூழாகிவிட்டது. சான்றில்லையேல் உதவித்தொகை இல்லை. உதவித்தொகை இல்லையேல் கல்லூரி இல்லை. அரசு சிறப்பு முகாம் நடத்தி மாற்றுச் சான்றிதழ்களை வழங்கியது, அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் முகாமுக்கு அலைந்த நாட்களில் கூலி போயிற்று. அந்த ஆண்டில் நம் இரவுப் பள்ளியில் இருந்து மூவர் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார்கள். இருவரைத் திரும்பக் கொண்டுவந்தோம். ஒருவரைக் கொண்டுவர இயலவில்லை.

இங்கு ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். ஏரிகளைக் காக்க வேண்டும் என்று நாம் குரல் கொடுத்தால், மறுநாள் இயந்திரம் வந்து நிற்பது முதலில் நம் குடிசை வாசலில்தான். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் எல்லா ஆக்கிரமிப்புக்கும் பொதுவானது. ஆனால் குடிசைக்கு அறிவிப்பு ஒட்டியவுடன் காரியம் நடக்கிறது. பெரிய மதிற்சுவருக்கு வழக்கும் தடையாணையும் நடக்கின்றன. அதனால் நம்மவருள் சிலர், “ஏரி போனால் போகட்டும், நாம் இருந்தால் போதும்” என்கிறார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது; முடிவு தவறானது என்பதே நம் கருத்து. ஏரி தூர்ந்தால் முதலில் மூழ்குவதும் நாமே. ஏரியில் குடியிருக்க வழியின்றிப் போனவனை, வேறு வழி காட்டிய பிறகே அப்புறப்படுத்த வேண்டும். அந்த வழி, அவன் வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் எட்டும் தூரத்தில், மேட்டு நிலத்தில், பள்ளியாண்டு முடிந்தபின் அமைய வேண்டும். இரண்டையும் சேர்த்தே கேட்போம். ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்டால் இரண்டும் கிடைக்காது.

சவுடு ஏற்றிக்கொண்டு இரவில் ஏரிப் பக்கம் போகும் லாரிகளை ஓட்டுவோரிலும் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். இந்த அரங்கிலும் ஓரிருவர் இருக்கக் கூடும். அவர்களைக் குறை கூறோம். அன்றாடச் சோற்றுக்கு ஓட்டுகிறார்கள். ஆனால் எந்தச் சர்வே எண்ணில் மண் இறங்குகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அதை நம்மிடம் சொல்லலாமே என்பது நம் வேண்டுகோள்.

மனை வாங்க நினைப்போருக்கும் ஓரிரு சொற்கள். வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறார்கள். வில்லங்கச் சான்று அந்நிலத்தின் பத்திரப் பதிவுகளைத்தான் காட்டும். வில்லங்கம் இல்லை என்பதால் வெள்ளம் இல்லை என்று ஆகாது. ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எவ்வகை நிலம் என்று எழுதியிருக்கிறது, புல வரைபடத்தில் வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்பவற்றைப் பார்க்க வேண்டும். பட்டா விவரத்தை இன்று இணையவழியே பார்க்கலாம். கிடைக்காத ஆவணத்தை 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறலாம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. மனை வரன்முறையானது என்றால் காகிதம் சரியாயிற்று என்று பொருள். பள்ளம் மேடாயிற்று என்று பொருளன்று. பஞ்சமி நிலமாயின், நம் மக்களை அதிலிருந்து முறைகேடாக வெளியேற்றுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் குற்றமாகும் என்பதனை மறக்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் மேடையில் சொல்லி வீட்டுக்குப் போவதால் பயனில்லை என்று நிர்வாகக் குழு கருதியது. ஆகவே வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நம் ஊர்ப் பெரிய ஏரியின் கலங்கலில் மாணவர்கள் கூட வேண்டும். அங்கிருந்து மிகைநீர் செல்லும் வழியே அடுத்த ஏரி வரை நடப்போம். புல வரைபட நகல்களைச் சங்கமே எடுத்து வைத்திருக்கிறது, இருவருக்கு ஒன்று. வாய்க்கால் வரைபடத்தில் எத்தனை அகலம், தரையில் எத்தனை அகலம் என்று அளந்து குறிக்க வேண்டும். அளவு நாடா இரண்டுதான் உள்ளது. வீட்டில் கொத்து வேலை செய்வோர் உள்ளவர்கள் கொண்டு வரவும். இரண்டிடங்களில் வாய்க்கால் மதிலுக்குள் போய்விடுகிறது. அங்கே சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

அன்று மனையைச் சுற்றி நடந்து காட்டிய பெரியவர் இப்பொழுது இல்லை. அவருக்குக் கஞ்சி கொண்டு போய்க் கொடுத்து, மதகடியில் நின்று பழகியவர் அவருடைய மகளார். மடை எங்கே, கிளைக்கால் எங்கே என்பது அவருக்குத் தெரியும். கூட வருவதற்கு அந்த அம்மையார் இசைந்திருக்கிறார். எட்டு மணிக்கு அவர் வேலைக்குப் புறப்பட வேண்டும். ஆதலால் அனைவரும் ஆறு மணிக்கே வந்து சேர வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு அமைகிறோம்.